பதினாலாம் கட்டிலின் மூச்சுக்கணக்கு

அத்தியாயம் 9

முந்தைய அத்தியாயங்களைத் தவறவிட்டவர்களுக்காக வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொல்வது எனக்கு வராது என்பார் மேடம். அவர் சொல்வதை நம்பாதீர்கள்.

மேடம் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டு, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்து, துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டிக்கொண்டார். நர்ஸாக இருந்ததற்கு அடையாளமாக மிச்சம் இருப்பது அவர் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருக்கும் சின்னக் கடிகாரம் மட்டும்தான். நான் அவருடைய உதவியாள். முப்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. அதனால் எல்லோருக்கும் நான் சைரன்.

வழக்கு இதுதான். ஒரு பெரிய மருத்துவமனையின் ஆண்கள் வார்டு. பதினாலாம் கட்டிலில் நெஞ்சுச் சளியோடு கிடந்த பெரியவர் ஒருவர், பதினோரு நாட்களுக்கு முன்பு மாலை ஐந்தே காலுக்கு இறந்துபோனார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ஓட்டியவர். பார்க்க வந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஆனால் அவருடைய சார்ட்டில் காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை மூச்சு சீராக இருந்ததாக எழுதியிருந்தது. அந்த நிலைமையில் இருந்தவருக்கு அப்படி இருக்க வாய்ப்பே இல்லை, ஆளைப் பார்க்காமலே உட்கார்ந்த இடத்தில் எண்களைப் போட்டிருக்கிறார்கள் என்று விசாரணைக் குழு சொன்னது. சார்ட்டில் இருந்த இனிஷியல் சின்ன சிஸ்டருடையது. சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

சின்ன சிஸ்டர் சொல்வது வேறு. நாலு மணிக்குப் பெரியவரின் மூச்சு நிமிடத்துக்கு முப்பத்தொன்று. அதைச் சிவப்பில் வட்டம் போட்டு, சார்ட்டைச் சிவப்பு ட்ரேயில் வைத்துவிட்டு, இன்னொரு நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அந்த வார்டில் அதுதான் வழக்கம். அவசரமான சார்ட் சிவப்பு ட்ரேக்குப் போகும், நாலே காலுக்கு வரும் டியூட்டி டாக்டர் முதலில் அந்த ட்ரேயைத்தான் பார்ப்பார். திரும்பி வந்தபோது பெரியவர் இல்லை. விசாரணையில் காட்டிய சார்ட்டில் முப்பத்தொன்றும் இல்லை, வட்டமும் இல்லை.

சின்ன சிஸ்டரை எங்களிடம் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் அந்த வார்டின் பெரிய சிஸ்டர். "இவ பொய் எழுத மாட்டா மேடம். என் கண்ணு முன்னாடி வேலை கத்துக்கிட்டவ. எப்படியாவது காப்பாத்துங்க" என்றார், பிடித்த கையை விடாமல்.

இன்று மாலை ஐந்து மணிக்குக் கடைசி விசாரணை. அதில் தோற்றால் சின்ன சிஸ்டர் இனி எந்த மருத்துவமனையிலும் நர்ஸாக வேலை பார்க்க முடியாது.

பார்த்தீர்களா, சுருக்கமாகத்தானே சொன்னேன்?

---

மதியம் இரண்டரை மணி. விசாரணை அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. அதன் ஒரு ஓரத்தில் சின்ன சிஸ்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். யூனிஃபார்ம் இல்லாமல் பார்க்க, ஊருக்குப் புதிதாக வந்து பஸ் தெரியாமல் நிற்பவர் மாதிரி இருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் அந்த வழியாகப் போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. எதிர்ச் சுவரில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது எல்லோருக்கும்.

"அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கே, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றேன்.

"வீட்ல உக்காந்து என்ன பண்றது அண்ணே?"

எனக்கு அந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். என் வீட்டில் ஆறு வருடமாக அதைத்தான் நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேடம் தன் கடிகாரத்தைக் கழற்றி சின்ன சிஸ்டரிடம் நீட்டினார். "சைரனுக்குக் காலையில இருந்து படபடப்பா இருக்காம். கொஞ்சம் பாருங்க."

எனக்கு எந்தப் படபடப்பும் இல்லை. ஆனால் மேடம் சொன்னால் வந்துவிடும். கையை நீட்டினேன். சின்ன சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் பேசவில்லை, அவசரப்படவில்லை. வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே பார்க்கவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஒருவர் என் கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்து எத்தனை நாளாயிற்று என்று யோசிக்க ஆரம்பித்து, அதைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"பத்தொன்பது" என்றார்.

"பத்தொன்பதா? அப்ப நான் செத்துட்டேனா?"

அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "நாடி எழுபத்தாறு அண்ணே. பத்தொன்பது உங்க மூச்சு."

"மூச்சை எப்பப் பாத்தீங்க?"

மேடம் சொன்னார்: "மூச்சை எண்ணப் போறோம்னு சொன்னா யாருக்கும் மூச்சு ஒழுங்கா வராது. அதனால நாடி பாக்குற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டே நெஞ்சை எண்ணுவோம். எல்லா நர்ஸும் பண்ற சின்னத் திருட்டுத்தனம்." பிறகு சின்ன சிஸ்டரைப் பார்த்துக் கேட்டார்: "எப்பவும் முழு நிமிஷம்தானா?"

"ஆமா மேடம். எல்லாரும் திட்டுவாங்க, நான் ரொம்ப மெதுவுன்னு." கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா அந்த ஒரு நிமிஷம்தான் அவங்க பக்கத்துல நிக்க முடியும். மத்த நேரமெல்லாம் ஓட்டம்தான்."

மேடம் எழுந்துவிட்டார். அவர் நடை வேகமாகிவிட்டது. ஏதோ சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

---

ஆண்கள் வார்டில் முப்பது கட்டில். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு அட்டையில் சார்ட் தொங்கும். மருத்துவமனையின் பெரிய டாக்டரிடம் வாங்கிய அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு மேடம் ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். நான் பின்னால் போனேன். நோயாளிகள் என்னைப் புது வார்டு பாய் என்று நினைத்து, ஒருவர் தண்ணீர் கேட்டார், இன்னொருவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். இரண்டையும் செய்தேன். துப்பறிவதைவிட அது சுலபமாக இருந்தது.

மேடம் பழைய தாள்களை எனக்குக் காட்டினார். "இதெல்லாம் சின்ன சிஸ்டர் எழுதினது. மூச்சுக் கட்டத்தை மட்டும் படிங்க."

"பதினேழு. பத்தொன்பது. இருபத்தொண்ணு. பதினெட்டு. பதினேழு. இருபத்திமூணு."

"இது பதினாலாம் கட்டிலோட சார்ட், விசாரணையில காட்டினது." பையிலிருந்து நகலை எடுத்தார். "இப்ப இதைப் படிங்க."

"பதினாறு. இருபது. பதினாறு. இருபது. இருபது."

"என்ன தெரியுது?"

"ரெண்டாவது ஆள் கொஞ்சம் சோம்பேறி."

"சரியாத்தான் சொல்றீங்க" என்றார் மேடம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேடம் என்னைச் சரி என்று சொல்வது வருடத்துக்கு ஒரு முறை நடக்கும். "முழு நிமிஷம் எண்ணினா என்ன எண் வேணா வரும். பதினேழும் வரும், இருபத்திமூணும் வரும். அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கினா இரட்டைப்படை மட்டும்தான் வரும். கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்கினா?"

நான் தாளை மறுபடி பார்த்தேன். பதினாறு, இருபது, பதினாறு, இருபது, இருபது. "எல்லாம் நாலாம் வாய்ப்பாடு!"

"மெதுவா."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் ஏழெட்டுக் கட்டில்களில் தலை நிமிர்ந்தது.

"அப்படின்னா இதை எழுதினது சின்ன சிஸ்டர் இல்ல" என்றேன். "கால் நிமிஷப் பேர்வழி ஒருத்தர் இல்லாத எண்ணை உக்காந்து யோசிச்சிருக்கார். யோசிக்கும்போதும் கை பழகின எண்ணைத்தான் போட்டிருக்கு. டாக்டர்தானே? சிவப்பு வட்டத்தைப் பாத்தும் வரல, ஆள் போனதும் சார்ட்டை மாத்திட்டார். முடிஞ்சது வழக்கு."

மேடம் கடந்த பத்து நாள் தாள்கள் சிலவற்றை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்துவிட்டு அட்டையைத் தொங்கவிட்டார்.

---

பதினாலாம் கட்டில் காலியாக இருந்தது. புது விரிப்பு, மடிப்புக் கலையாத போர்வை. ஒரு மனிதர் அங்கே ஐந்து வாரம் கிடந்ததற்கு ஒரு சுவடும் இல்லை. பதிமூன்றில் ஒரு தையல்காரர், காலை எடைக்கல்லில் கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தார்.

"உங்களைப் பாக்க யாரும் வரலியா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பக்கத்துக் கட்டில்காரர் இருந்தாரு. அது போதுமா இருந்துச்சு" என்றார் தையல்காரர். "ஒரு விஷயம் சொல்லட்டுமா? யாருகிட்டயும் சொல்லாதீங்க."

இப்படி ஆரம்பிப்பவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பெரியவருக்கு சிஸ்டரோட ரகசியம் தெரிஞ்சுபோச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டு மூச்சைத்தான் எண்ணுதுன்னு. அதனால என்ன பண்ணுவாருன்னா, பாதி எண்ணும்போது வேணும்னே மூச்சைப் பிடிச்சுப்பாரு. சிஸ்டருக்கு எண்ணிக்கை போயிடும். மறுபடி முதல்ல இருந்து எண்ணணும். இன்னொரு நிமிஷம் பக்கத்துல நிக்கும்ல?"

"சிஸ்டருக்குத் தெரியாதா?" என்று மேடம் கேட்டார்.

"தெரியாம என்ன? முகத்தைக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டு மறுபடி எண்ணும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அப்படிச் செய்வாரு. நாணயமான மனுஷன். நான் இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு சிரிப்பை அடக்குவேன்." தையல்காரர் காலியான கட்டிலைப் பார்த்தார். "கடைசி நாள் மட்டும் செய்யல. நாலு மணிக்கு சிஸ்டர் வந்து எண்ணுச்சு. பெரியவர் நாய் மாதிரி இளைச்சுக்கிட்டு இருந்தாரு. சிஸ்டர் எண்ணி முடிச்சுட்டு அவர் முகத்தையே பாத்துச்சு. மூச்சைப் பிடிங்க தாத்தான்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் சார்ட்டை எடுத்துக்கிட்டு ஓடிச்சு."

"இதை விசாரணையில சொன்னீங்களா?"

"என்னை யாரு கேட்டா? கால் ஒடிஞ்சவன் சொல்றதை யாரு கணக்குல எடுப்பா?"

எனக்குக் கோபம் வந்தது. எட்டுப் பேர் கொண்ட குழு, மூன்று நாள் விசாரணை. நாலடி தூரத்தில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்த மனிதரிடம் ஒருவருக்கும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

---

டியூட்டி டாக்டரின் அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. சின்னப் பையன் மாதிரி இருந்தார். கண்ணுக்குக் கீழே மட்டும் அறுபது வயது. மேடம் கண்ணைக் காட்டியதும் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஆம்புலன்ஸில் பார்த்த ஆயிரம் பேரின் நடிப்பும் நிஜமும் எனக்கு அத்துப்படி.

டாக்டர் உடனே எழுந்து வந்து என் கையைப் பிடித்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம்.

"மூச்சு பதினெட்டு. பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல."

பதினெட்டு. நாலாம் வாய்ப்பாட்டில் பதினெட்டு இல்லை. என் வழக்கு காற்றுப் போன டயர் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"அன்னைக்கு நாலே காலுக்கு சிவப்பு ட்ரேயைப் பாத்தீங்களா டாக்டர்?" என்று கேட்டார் மேடம்.

"நூறு தடவை சொல்லிட்டேன் மேடம். பாத்தேன். சார்ட் எதுவும் இல்ல."

"ட்ரே காலியா இருந்துச்சா?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். "காலியான்னு யாரும் கேக்கல. சார்ட் இருந்துச்சான்னுதான் கேட்டாங்க." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காலியா இல்ல. ஒரு பெரிய நோட்டு இருந்துச்சு. நீல அட்டை. நர்ஸுங்களோட டியூட்டி லிஸ்ட் எழுதுவாங்களே, அது."

"அதைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"அவங்க நோட்டை நான் எதுக்குத் தூக்கப்போறேன்?" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "அதுக்குக் கீழ இருந்துச்சா?"

மேடம் அவர் தோளை லேசாகத் தட்டிவிட்டு வெளியே வந்தார். நான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

"மேடம், டியூட்டி லிஸ்ட் நோட்டைத் தொடுறது ஒரே ஒரு ஆள்தானே?"

"ஆமா."

"அவங்கதானே நம்மகிட்ட கேஸைக் கொண்டு வந்ததே?"

"ஆமா சைரன்." மேடம் ஜன்னல் ஓரமாக நின்றார். வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று சத்தம் இல்லாமல் வந்து நின்றது. "சின்ன சிஸ்டர் இல்லாத இந்தப் பத்து நாளும் அந்தக் கட்டில்களைப் பெரிய சிஸ்டர்தான் பாத்துக்கிறாங்க. அவங்க எழுதின மூச்சு எல்லாம் பதினாறு, இருபது, இருபத்திநாலு. ஒரு இடத்துலகூட பதினெட்டு இல்ல. வார்டுலயே பாத்துட்டேன். என் சந்தேகம் தப்பா இருக்கட்டும்னு நெனச்சுதான் டாக்டர்கிட்ட வந்தேன்."

மணி நாலு இருபது.

---

வார்டின் நடுவில் பெரிய சிஸ்டரின் மேஜை. வலது மூலையில் சிவப்பு ட்ரே, காலியாக, துடைத்துப் பளபளவென்று. பெரிய சிஸ்டர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "ஏதாவது கிடைச்சுதா மேடம்? அவ சாப்பிட்டாளா?"

கேட்டதில் நடிப்பு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது சிஸ்டர்" என்றார் மேடம்.

மூன்றாவது தடவையாக என் கையை நீட்டினேன். பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கண் என் மேல், ஒரு கண் ஏழாம் கட்டிலில் தீரப்போகும் டிரிப்ஸ் பாட்டில் மேல். கால் நிமிடம்தான், கையை விட்டுவிட்டார்.

"இருபது. ஒண்ணும் இல்ல, உக்காருங்க."

ஒரே நெஞ்சு, மூன்று பேர், மூன்று எண். மேடம் பதினாலாம் கட்டிலின் சார்ட் நகலை மேஜை மேல் விரித்தார். மூச்சுக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பதினாறு. இருபது. பதினாறு. இருபது. இருபது. விரல் ஒவ்வொன்றிலும் நின்று நகர்ந்தது.

இருபத்தேழு வருடம் எண்ணியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெரிய சிஸ்டர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"போன் அடிச்சுது" என்றார். "கையில நோட்டு இருந்துச்சு. ட்ரே மேல வெச்சுட்டு எடுத்தேன். அந்த ட்ரேல எதையும் வெக்கக் கூடாதுன்னு புதுப் பிள்ளைங்களுக்கு முதல் நாள் நான்தான் சொல்லிக் குடுப்பேன். சீப்பைக்கூட வெக்க விடமாட்டேன். அன்னைக்கு மூணு நர்ஸ் வர வேண்டிய இடத்துல ஒருத்திதான். பேசி முடிச்சதும் வேற வேலை வந்துச்சு, நோட்டை மறந்துட்டேன்."

"டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டார்."

"அஞ்சே காலுக்குப் பெரியவர் உயிர் போனதுக்கப்புறம்தான் நோட்டை எடுத்தேன். கீழ அந்தச் சிவப்பு வட்டம்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "நல்லா இருந்தவர் திடீர்னு போயிட்டார்னு இருந்தா யார் மேலயும் பழி வராதுன்னு நெனச்சேன் மேடம். எனக்கும் வராது, அவளுக்கும் வராது. புதுத் தாள்ல எழுதி, அவ இனிஷியலையும் நானே போட்டேன். அவ பாக்காமலே எழுதிட்டான்னு சொல்லுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

"தோணாதது அன்னைக்கு. அதுக்கப்புறம் பதினோரு நாள் இருந்துச்சே சிஸ்டர்" என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை.

"இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் காலையில சொல்லிடணும்னு வருவேன். இந்த மேஜையைப் பாத்ததும் வாய் வராது. இன்னும் நாலு மாசத்துல ரிட்டயர்மெண்ட். வீட்ல சுவத்தோடதான் பேசணும். இதுவும் அசிங்கமாப் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?" எங்களை நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்ட அவளைக் கூட்டிட்டு வந்தது, நீங்களே கண்டுபிடிச்சுட்டா நான் சொல்ல வேண்டாமேன்னுதான்."

சத்தியமாகச் சொல்கிறேன், திட்ட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் கண் அப்போதும் ஏழாம் கட்டில் பாட்டிலுக்குப் போனதைப் பார்த்ததும் திட்டு திரும்பிப் போய்விட்டது.

"பழைய தாளைக் குடுங்க" என்றார் மேடம்.

நான் மேடத்தைப் பார்த்தேன். "அதைக் கிழிச்சுப் போட்டிருப்பாங்களே!"

"நர்ஸுக்கு எழுதின சார்ட்டைக் கிழிக்கக் கை வராது சைரன். அடிச்சு எழுதினாக்கூட அடிச்சது தெரியணும்னு சொல்லிச் சொல்லியே வளத்திருப்பாங்க."

பெரிய சிஸ்டர் நீல அட்டை நோட்டின் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். இருபத்தொன்று. இருபத்திமூன்று. இருபத்திமூன்று. இருபத்தேழு. கடைசியாகச் சிவப்பு வட்டத்துக்குள் முப்பத்தொன்று. பக்கத்தில், குறிப்பு எழுதும் கட்டத்தில், அவசரக் கையெழுத்தில் இரண்டே வார்த்தை.

இன்று விளையாடவில்லை.

மேடம் அதை எடுத்துக்கொள்ள நீட்டிய கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார். "நான் கொண்டு போறதா, நீங்க கொண்டு போறீங்களா?"

பெரிய சிஸ்டர் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார். போகும் வழியில் ஏழாம் கட்டிலின் டிரிப்ஸை மாற்றிவிட்டுத்தான் வார்டை விட்டு வெளியே வந்தார்.

---

ஐந்து மணிக்கு விசாரணை அறைக் கதவு மூடியது. ஐந்து இருபத்தைந்துக்குத் திறந்தது. முதலில் வந்த குமாஸ்தா, சின்ன சிஸ்டர் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று ஒப்பித்துவிட்டுப் போனார். சஸ்பெண்ட் செய்தபோது நோட்டீஸ் போர்டில் ஒட்டியவர்கள், இதை வாய்வார்த்தையோடு முடித்துக்கொண்டார்கள்.

பிறகு பெரிய சிஸ்டர் வந்தார். பெஞ்சுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வராந்தாவில் நடந்தார்.

"அக்கா" என்று கூப்பிட்டார் சின்ன சிஸ்டர்.

அவர் திரும்பவில்லை. அந்த வராந்தா அவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் கவனித்தேன். கடைசி வரை ஒருவரும் அவரோடு கூட நடக்கவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க சிஸ்டர்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ஆமா அண்ணே." பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். "திங்கட்கிழமை போனா பதினாலுல வேற யாராவது இருப்பாங்க. மேஜையில அக்கா இருக்க மாட்டாங்க. நான் வேலை கத்துக்கிட்டதே அவங்ககிட்டதான்." பிறகு சொன்னார்: "நான் ஸ்கேனுக்குப் போகாம இருந்திருக்கலாம். அவர் தனியாப் போயிட்டாரு."

மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வீட்டுக்குப் போகலாம். போனால் விளக்கைப் போட வேண்டும், டி.வி.யைப் போட வேண்டும், யாரோ இருக்கிற மாதிரி சத்தம் வர வேண்டும். எனக்குப் போகத் தோன்றவில்லை. சின்ன சிஸ்டருக்கும் தோன்றவில்லை என்பது அந்தப் பையைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது.

நான் அவர் முன்னால் கையை நீட்டினேன்.

"இன்னைக்கு என் மூச்சை மூணு பேர் எண்ணி மூணு விதமாச் சொல்லிட்டாங்க. எது சரின்னே தெரியல. இன்னொரு தடவை பாத்துடுங்க."

மேடம் தன் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

சின்ன சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் உதடு அசைவது லேசாகத் தெரிந்தது. ஐந்து, ஆறு, ஏழு. வராந்தாவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். எட்டு, ஒன்பது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

உதடு நின்றது. கடிகாரத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் நிற்கப் பார்த்தேன். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படி நடிப்பது சுலபம் இல்லை. அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. ஆனாலும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"எண்ணிக்கை போச்சு அண்ணே" என்றார். "மறுபடி முதல்ல இருந்து எண்ணணும்."

"எண்ணுங்க சிஸ்டர். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவர் கையை விடாமல் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.